வீட்டு நெட்டில் சர்வர், சிசிடிவி, டோரன்ட்: சேலத்திலும் ஏற்காட்டிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேமரா வெளியூரிலிருந்து தெரியவில்லை, வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்த வெப்சைட் திறக்கவில்லை, டோரன்ட் (ஃபைலைப் பலரிடமிருந்து துண்டுதுண்டாக இறக்கும் முறை) நகரவில்லை. மூன்றுக்கும் ஊரில் ஒரே விளக்கம்தான்: "கம்பெனிக்காரன் பிளாக் பண்ணிட்டான்." பெரும்பாலும் யாரும் எதையும் பிளாக் செய்திருக்க மாட்டார்கள். உங்கள் வீட்டுக்கென்று ஒரு முகவரி தரப்படவில்லை, அவ்வளவுதான். தடை, முகவரிப் பஞ்சம், பிளானின் நிபந்தனை, உங்கள் ரவுட்டரின் கோளாறு என்ற நான்கில் எது என்று கண்டுபிடிக்காமல் சண்டைக்குப் போவதும் வீண், காசு கட்டுவதும் வீண்.

வீட்டு இணைப்பில் சர்வர் வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறதா?

இல்லை. தடை இருந்தால் அது நீங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனையில் இருக்கும். இணைப்பு கொடுத்த அன்று ஆப்பில் படிக்காமல் டிக் அடித்தீர்களே, அதில். வீட்டு பிளான்களில் வழக்கமாக வருபவை: சொந்த உபயோகத்துக்கு மட்டும், வணிகப் பயன்பாடு கூடாது, மற்றவருக்கு விற்கக் கூடாது, மற்ற சந்தாதாரரைப் பாதிக்கும் அளவுக்குப் பயன்படுத்தக் கூடாது. இவற்றில் விற்கக் கூடாது என்பதற்கு மட்டும் பின்னால் சட்டமும் நிற்கிறது. உரிமம் இல்லாமல் இணையச் சேவை விற்க முடியாது. மற்றவை உங்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான ஒப்பந்தம். வீட்டுக் கேமராவை நீங்களே பார்ப்பதும், குடும்பப் போட்டோக்களைச் சொந்த டிஸ்க்கில் வைத்து எடுப்பதும் "சொந்த உபயோகம்" என்ற சொல்லுக்குள் சுலபமாக அடங்கும். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையின் பில்லிங் சாஃப்ட்வேரை வீட்டு பிளானில் ஓட்டி, நாலு கிளைக்கும் திறந்துவிட்டால் அடங்காது.

அப்படியானால் இந்த நிபந்தனையை ஏன்தான் வைத்தார்கள்?

கேபிள் மோடம் காலத்துப் பழக்கம். டிவி வரும் அதே கோஆக்சியல் ஒயரில் கீழே வரும் பாதை அகலமாகவும் மேலே போகும் பாதை குறுகலாகவும் இருந்தது. தெருவில் ஒருவர் இரவு பகலாக அப்லோடு செய்தால் தெருவே திணறும். அமெரிக்காவில் காம்காஸ்ட் நிறுவனம் 2007-இல் பிட்டோரன்ட் இணைப்புகளைப் போலியான "துண்டி" செய்தி அனுப்பி அறுத்தது அம்பலமாகி, 2008-இல் அந்த நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் அதைக் கண்டித்தது. 2010-இல் நீதிமன்றம் ஆணையத்தின் உத்தரவை ரத்து செய்தது வேறு கதை.

இன்று சேலத்தில் வீட்டுக்கு வருவது ஃபைபர். அதிலும் பங்கு உண்டு. ஜிபான் முறையில் ஒரு ஃபைபரில் கீழே சுமார் 2.5 ஜிபிபிஎஸ், மேலே சுமார் 1.25 ஜிபிபிஎஸ். அதை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பார்கள். 64 வீடும் ஒரே நேரத்தில் முழுமூச்சாக அப்லோடு செய்தால் வீட்டுக்கு 20 எம்பிபிஎஸ்கூடத் தேறாது. எல்லோரும் ஒரே நேரத்தில் செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் எல்லோருக்கும் 100 எம்பிபிஎஸ் விற்கப்படுகிறது. 24 மணி நேர சர்வர் அந்தக் கணக்கைக் கெடுக்கும். அதோடு, ஸ்டாட்டிக் ஐபி (மாறாத முகவரி) வைத்த வணிக பிளானை அதிக விலைக்கு விற்க வேண்டும் என்ற எண்ணமும் இருக்கிறது.

டிவிஆருக்குப் போர்ட் ஃபார்வர்டு செய்தாயிற்று. வெளியிலிருந்து திறக்கவில்லை. பிளாக்கா?

டிவிஆர் என்பது கேமராப் பதிவுப் பெட்டி. போர்ட் ஃபார்வர்டு என்பது வெளியிலிருந்து குறிப்பிட்ட எண்ணுக்கு (போர்ட்) வரும் அழைப்பை ரவுட்டர் அந்தப் பெட்டிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு. முதலில் இந்த ஒரு சோதனை. ஐந்து நிமிடம் போதும்.

ரவுட்டரின் பக்கத்தைத் திறங்கள். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1, பெட்டியின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். "ஸ்டேட்டஸ்" பகுதியில் "வான் ஐபி" என்று ஓர் எண் தெரியும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வைஃபையில் இருந்தபடி கூகுளில் "என் ஐபி என்ன" என்று தேடி, ஏதாவது ஒரு சோதனைத் தளம் காட்டும் எண்ணோடு ஒப்பிடுங்கள். நான்கு பகுதி கொண்ட எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். நீளமாக, எழுத்தும் கலந்து வந்தால் அது ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி.

இரண்டும் ஒன்றே என்றால் உங்களிடம் பப்ளிக் ஐபி, அதாவது வெளியிலிருந்து நேராக அடையக்கூடிய முகவரி, இருக்கிறது. அடுத்த கேள்விக்குப் போங்கள்.

இரண்டும் வேறாக இருந்து, வான் ஐபி 100.64 முதல் 100.127 வரையிலான ஏதாவது ஒன்றில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் (ஒரு பப்ளிக் ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் முறை) இருக்கிறீர்கள். இந்த வரிசை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. சில சிறிய கேபிள் நிறுவனங்கள் 10-இல் தொடங்கும் எண்ணையே கொடுக்கும், அதுவும் இதேதான். 192.168-இல் தொடங்கினால், வீட்டுக்குள்ளேயே ஃபைபர் பெட்டி ஒன்று, அதன் பின்னால் நீங்கள் வாங்கிய ரவுட்டர் ஒன்று என இரண்டு ரவுட்டர் அடுக்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். முதல் பெட்டியின் பக்கத்தில் போய் அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

சிஜிநாட் என்பதை அம்மாபேட்டைப் பக்கத்துக் காம்பவுண்டு வீடுகளை வைத்துப் புரிந்துகொள்ளலாம். காம்பவுண்டுக்கு ஒரே கதவு எண், உள்ளே பத்துக் குடித்தனம். உள்ளேயிருந்து யாராவது கடிதம் போட்டு அதற்குப் பதில் வந்தால், யார் போட்டது என்று வாசலில் குறித்து வைத்திருப்பார்கள், சேர்ந்துவிடும். யாரும் எழுதாமல் வெளியிலிருந்து தானாக ஒரு கடிதம் வந்தால் எந்தக் குடித்தனத்துக்கு என்று தெரியாமல் வாசலிலேயே நின்றுவிடும். உங்கள் டிவிஆருக்கு வெளியிலிருந்து வரும் அழைப்பு இப்படித்தான் நிற்கிறது. ரவுட்டரில் நீங்கள் திறந்த போர்ட் உங்கள் குடித்தனத்தின் கதவு. தெருக்கதவு நிறுவனத்தின் கையில்.

இதற்குக் காரணம் வஞ்சகம் இல்லை. ஐபிவி4 முகவரி உலகம் முழுவதற்கும் சுமார் 430 கோடிதான். ஆசிய-பசிபிக் பகுதிக்கான பொதுக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. பிறகு தொழிலுக்கு வந்த நிறுவனம் சந்தாதாரர் எல்லோருக்கும் ஆளுக்கொரு முகவரி வாங்க நினைத்தால் கட்டுப்படியாகாது.

வான் ஐபி பப்ளிக்தான். இருந்தும் வரவில்லையே?

இங்கேதான் பலர் நிறுவனத்தைத் திட்டி நேரத்தைக் கழிக்கிறார்கள். வரிசையாகப் பாருங்கள்.

வீட்டு வைஃபையில் இருந்தபடி உங்கள் சொந்தப் பப்ளிக் ஐபியை அடித்துச் சோதிக்காதீர்கள். வெளியே போன அழைப்பை அதே ரவுட்டர் உள்ளே திருப்பிவிட வேண்டும். அதற்கு ஹேர்பின் நாட் என்று பெயர். ஏற்காட்டு ரோட்டில் 20 ஹேர்பின் வளைவையும் பஸ் திருப்பிவிடும், மலிவான ரவுட்டர்களில் பலவற்றால் இந்த ஒரு வளைவைத் திருப்ப முடியாது. போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் சோதியுங்கள்.

அடுத்து, டிவிஆரின் உள் முகவரி மாறியிருக்கும். மின்வெட்டு முடிந்து எல்லாம் ஒன்றாக உயிர்த்தெழும்போது 192.168.1.5-இல் இருந்த டிவிஆர் 192.168.1.9-க்குப் போய்விடும். ஃபார்வர்டு இன்னும் 5-ஐயே காட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரின் டிஹெச்சிபி (உள் முகவரிகளைப் பங்கிடும்) பகுதியில் டிவிஆரின் மேக் முகவரிக்கு (கருவியின் அடையாள எண்) ஒரு ஐபி எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும். கம்ப்யூட்டரை சர்வராக வைத்திருந்தால் விண்டோஸ் ஃபயர்வாலிலும் அந்த போர்ட்டை அனுமதிக்க வேண்டும்.

இவ்வளவும் சரி என்றால், 48000-க்கு மேல் வழக்கத்தில் இல்லாத ஒரு எண்ணை வெளி போர்ட்டாக வைத்து, அதை உள்ளே 80-க்கு (வெப்சைட்டுக்கு வழக்கமான போர்ட்) திருப்பிப் பாருங்கள். 48080-இல் திறந்து, 80-இல் திறக்கவில்லை என்றால் இப்போது சொல்லலாம், நிறுவனம் 80-ஐ மூடியிருக்கிறது.

நிறுவனங்கள் உண்மையிலேயே மூடும் போர்ட்டுகள் எவை?

25: வீட்டுக் கம்ப்யூட்டர்கள் வைரஸ் பிடித்து ஸ்பாம் மெயில் அனுப்புவதைத் தடுக்க உலகெங்கும் மூடுவார்கள். 135, 139, 445: விண்டோஸ் ஃபைல் ஷேரிங். 2017-இல் வானாக்ரை பரவியது 445 வழியாகத்தான். இதை மூடுவது உங்கள் நல்லதுக்கே. 80, 443: வீட்டில் வெப் சர்வர் வைப்பதைத் தடுக்கச் சிலர் மூடுவார்கள். இவற்றைத் தவிர வேறு எண்ணில் தடை இருப்பதாகத் தோன்றினால் மேலே சொன்ன சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள். உங்கள் டிவிஆர் போர்ட்டை மட்டும் தேடிப்பிடித்து மூடும் அளவுக்கு யாருக்கும் நேரம் இல்லை.

சிஜிநாட்டிலிருந்து வெளியே வர என்ன கேட்க வேண்டும்?

"கேமரா வரல" என்று புகார் சொல்லாதீர்கள். லைன்மேன் வந்து ரவுட்டரை அணைத்துப் போட்டுவிட்டுப் போவார். இப்படிக் கேளுங்கள்: "என் இணைப்பு சிஜிநாட்டில் இருக்கிறது. பப்ளிக் ஐபி வேண்டும். டைனமிக் கொடுப்பீர்களா, ஸ்டாட்டிக் மட்டும்தானா? மாத வாடகையா, வருடத்துக்கா? இன்கமிங் போர்ட் எதாவது மூடியிருக்குமா?" பதிலை மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தில் வாங்குங்கள். சொல்லும் தொகைக்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

டைனமிக் பப்ளிக் ஐபி கிடைத்தாலே வீட்டுக்குப் போதும். எண் மாறும்போதெல்லாம் பெயரைப் புதுப்பிக்க டக்டிஎன்எஸ் போன்ற இலவசச் சேவை இருக்கிறது. நோ-ஐபியின் இலவசக் கணக்கு என்றால் 30 நாளுக்கு ஒருமுறை மெயிலில் உறுதி செய்ய வேண்டும். மறந்தால் பெயர் போய்விடும்.

ஸ்டாட்டிக் ஐபி வாங்கிய பிறகும் பழைய 100.64 எண்ணே தெரிந்தால், பிபிபிஓஇ (யூசர்நேம் போட்டு நுழையும்) இணைப்பு இன்னும் பழைய செஷனில் தொங்கிக்கொண்டிருக்கும். பெட்டியைப் பத்து நிமிடம் அணைத்து வையுங்கள். அப்போதும் மாறவில்லையென்றால் புதிய யூசர்நேம் போட வேண்டியிருக்கும், அல்லது உங்கள் ரவுட்டரின் மேக் முகவரியை நிறுவனம் பதிவு செய்ய வேண்டியிருக்கும்.

காசு கட்டாமல் வழி இல்லையா?

இருக்கிறது. பெரும்பாலான வீடுகளுக்கு இதுதான் சரியான வழியும்கூட. காம்பவுண்டு உதாரணத்தையே எடுத்தால், வெளியார் கடிதம் உள்ளே வராது என்றால் நாமே முதலில் கடிதம் போட்டுவிட வேண்டியதுதான். வீட்டிலிருக்கும் ஒரு கருவி வெளியே போய் ஒரு சந்திப்பிடத்தில் காத்திருக்கும். உங்கள் போனும் அங்கே வரும்.

டிவிஆரின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பார்க்கும் ஆப் இந்த முறையில்தான் இயங்குகிறது. ஆகவே கேமரா மட்டும் என்றால் போர்ட் ஃபார்வர்டு பக்கமே போக வேண்டாம். டிவிஆரில் "பி2பி" என்ற பகுதியை ஆன் செய்து, ஸ்டேட்டஸ் "ஆன்லைன்" ஆனால் முடிந்தது. ஆன்லைன் ஆகவில்லை என்றால் டிவிஆரில் டிஎன்எஸ் காலியாக இருக்கும்; 8.8.8.8 போடுங்கள். கேட்வே எண் ரவுட்டரின் எண்ணாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வீட்டுக் கம்ப்யூட்டர், நாஸ் (நெட்வொர்க்கில் இணைத்த) டிஸ்க், டிவிஆர் எல்லாவற்றையும் ஒரே பாதையில் பிடிக்க வேண்டும் என்றால் டெய்ல்ஸ்கேல், உங்கள் கருவிகளை ஒரே தனி வலையாக இணைக்கும் நிரல். சொந்த உபயோகத்துக்கு இலவசம். வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு லினக்ஸ் கருவி வேண்டும்: ராஸ்பெர்ரி பை, அல்லது மூடினாலும் தூங்காதபடி அமைத்த பழைய லேப்டாப். அதில் டெய்ல்ஸ்கேலை நிறுவி, ஐபி ஃபார்வர்டிங்கை ஆன் செய்து, வீட்டு வலை முழுவதையும் சப்நெட் ரவுட்டாக அறிவியுங்கள். பிறகு அட்மின் பக்கத்தில் அந்த ரவுட்டை அங்கீகரிக்க வேண்டும். பாதிப் பேர் இந்தப் படியை விட்டுவிட்டு வேலை செய்யவில்லை என்பார்கள். போனிலும் அதே கணக்கில் நுழைந்தால் 192.168-இல் தொடங்கும் வீட்டு எண்களை எங்கிருந்தும் அடிக்கலாம்.

இதில் கெடுவது மூன்று இடத்தில். முதலாவது, வீட்டு வலை 192.168.1 என்று இருந்து, நீங்கள் போன இடத்தின் வைஃபையும் 192.168.1 என்றே இருந்தால் போன் குழம்பிவிடும். வீட்டு ரவுட்டரை 192.168.47 போல யாரும் வைக்காத எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். இரண்டாவது, டெய்ல்ஸ்கேலின் சாவி 180 நாளில் காலாவதி ஆகும். ஆறு மாதம் கழித்து, நீங்கள் வெளியூரில் இருக்கும்போதுதான் அது சாகும். வீட்டுக் கருவிக்கு மட்டும் கீ எக்ஸ்பைரியை நிறுத்தி வையுங்கள். மூன்றாவது, நேரடிப் பாதை கிடைக்காமல் ரிலே (இடையில் நிற்கும் சர்வர்) வழியாகப் போனால் படம் திக்கும். இன்னொன்று, டெய்ல்ஸ்கேல் கொடுக்கும் எண்ணும் அதே 100.64 வரிசைதான், அதைப் பார்த்து சிஜிநாட் என்று பயப்பட வேண்டாம்.

வெப்சைட்டை ஊருக்கே காட்ட வேண்டும் என்றால் கிளவுட்ஃப்ளேர் டன்னல் இருக்கிறது. சொந்த டொமைன் பெயர் வேண்டும். இலவசக் கணக்கில் ஒரு முறைக்கு 100 எம்பிக்கு மேல் அப்லோடு ஆகாது, ஆகவே போனிலிருந்து பெரிய வீடியோவை வீட்டு டிஸ்க்குக்கு அனுப்பினால் பாதியில் நிற்கும். கேமரா வீடியோவை அதில் ஓட்டுவதும் சரியல்ல. எல்லாக் கட்டுப்பாடும் உங்கள் கையில் வேண்டும் என்றால் பெங்களூரிலோ மும்பையிலோ ஒரு சிறிய வாடகை சர்வர் எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு வயர்கார்டு என்ற தனிப் பாதையைப் போடுங்கள். வீட்டுப் பக்கத்தில் "பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்" 25 வினாடி என்று வைக்க மறக்கக் கூடாது. சும்மா இருந்தால் சிஜிநாட் அந்தப் பாதையை மறந்துவிடும்.

ஏற்காட்டில் எஸ்டேட் பங்களாவுக்கு ஃபைபர் வரவில்லை, 4ஜி ரவுட்டர்தான். நாலு கேமரா தாங்குமா?

தாங்க வைக்கலாம். சிம் இணைப்பில் சிஜிநாட் இல்லாமல் கிடைப்பது அரிது, அதனால் பி2பி அல்லது டன்னல் தவிர வேறு யோசனை வேண்டாம். 2 மெகாபிக்சல் கேமரா ஒன்றுக்கு மெயின் ஸ்ட்ரீம் (முழுத் தரப் படம்) 2 எம்பிபிஎஸ் என்றால் நான்குக்கு 8. மலை மேல் சிக்னலில் அந்த அப்லோடு நிலையாகக் கிடைக்காது. வெளியிலிருந்து பார்க்க சப் ஸ்ட்ரீம் (தரம் குறைத்த படம்) 512 கேபிபிஎஸ் வையுங்கள், நான்குக்கும் சேர்ந்து 2 எம்பிபிஎஸ். மெயின் ஸ்ட்ரீம் உள்ளேயே ஹார்ட் டிஸ்க்கில் பதிவாகட்டும். 8 எம்பிபிஎஸ் என்றால் நாளுக்கு 86.4 ஜிபி, 1 டிபி டிஸ்க்கில் பதினோரு நாள் நிற்கும்.

மலைக்கே உரிய ஒரு சிக்கல் பனிமூட்டம். இரவில் கேமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சம் பனியில் பட்டுத் திரும்பி, படம் வெள்ளைச் சுவராகிவிடும். அந்த வெள்ளைக்குள் துகள்கள் நகர்ந்துகொண்டே இருப்பதால் மோஷன் அலாரம் விடிய விடிய அடிக்கும். பிட்ரேட் "வேரியபிள்" என்று இருந்தால் டேட்டாவும் எகிறும். பிட்ரேட்டை "கான்ஸ்டன்ட்" ஆக்குங்கள். இன்ஃப்ராரெட்டை அணைத்துவிட்டு, கேமராவிலிருந்து நாலைந்து அடி தள்ளி ஒரு சாதாரண விளக்கைப் போட்டால் பனியிலும் ஓரளவு தெரியும். லென்ஸ் முன்னால் சிலந்தி கட்டிய ஒற்றை இழையும் இதே வேலையைச் செய்யும். விளக்கு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும். வாரம் ஒருமுறை ஒட்டடைக் கோல்தான் இதற்கு மருந்து.

"அன்லிமிடெட்" என்றார்கள். மாதக் கடைசியில் வேகம் செத்துவிடுகிறது.

வீட்டு ஃபைபர் பிளான் பலவற்றில் அன்லிமிடெட் என்றால் மாதம் 3300 ஜிபி. அப்லோடும் டவுன்லோடும் சேர்த்து எண்ணுவார்கள். 1 எம்பிபிஎஸ் ஓயாமல் ஓடினால் நாளுக்கு 10.8 ஜிபி, 30 நாளுக்கு 324 ஜிபி. மேலே சொன்ன நாலு கேமராவின் மெயின் ஸ்ட்ரீமை 24 மணி நேரமும் வெளியே அனுப்பினால் 2592 ஜிபி அதற்கே போய்விடும். கடையில் யாரோ ஒருவர் போனில் கேமரா ஆப்பைத் திறந்தபடி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கியிருப்பார். நிறுவனத்தின் ஆப்பில் நாள்வாரிப் பயன்பாட்டைப் பாருங்கள்; தினமும் ஒரே அளவு போயிருந்தால் மனிதர் பார்த்ததல்ல, ஏதோ ஒரு கருவி ஓடிக்கொண்டிருக்கிறது.

போர்ட்டைத் திறந்தே வைத்தால் என்ன ஆகிவிடும்?

2016-இல் மிராய் என்ற தீய நிரல், தொழிற்சாலையில் போட்ட பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களையும் டிவிஆர்களையும் பிடித்துச் சேர்த்து, அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையதளங்கள் பலவற்றைச் சில மணி நேரம் முடக்கியது. கேமரா வைத்திருந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது. திறந்த போர்ட்டை யாராவது வந்து தட்டிப் பார்க்க நாள்கணக்கு ஆகாது. பாஸ்வேர்டு மாற்றுவது மட்டும் போதாது. டிவிஆர் மென்பொருளிலேயே பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விடும் ஓட்டைகள் வந்திருக்கின்றன. ஆகவே டிவிஆருக்கு நேரடிப் போர்ட் வேண்டாம் என்பது இந்தப் பக்கத்தின் உறுதியான கருத்து. ரவுட்டரில் யுபிஎன்பி ஆனில் இருந்தால் டிவிஆர் உங்களைக் கேட்காமலே போர்ட்டைத் திறந்துகொள்ளும். அதையும் அணையுங்கள்.

மற்ற டவுன்லோடு வேகமாக வருகிறது, டோரன்ட் மட்டும் ஊர்கிறது. வேண்டுமென்றே குறைக்கிறார்களா?

உபுண்டு லினக்ஸின் ஒரே ஃபைலை நேரடியாகவும் டோரன்ட்டாகவும் இறக்கிப் பாருங்கள். அதற்கு விதைப்பவர்கள் (முழு ஃபைலையும் வைத்துப் பகிர்பவர்கள்) எப்போதும் ஏராளம். அதுவும் ஊர்ந்தால் சந்தேகத்துக்கு இடமுண்டு. அது பறந்தால் உங்கள் மற்ற டோரன்ட்டில் ஆளில்லை.

ஊர்வதற்குப் பொதுவான காரணம் சிஜிநாட்தான். ஒரு ஐபியில் 65,536 போர்ட். முதல் 1024-ஐக் கழித்து 64 வீட்டுக்குப் பங்கிட்டால் வீட்டுக்கு 1008. டோரன்ட் நிரலை 2000 இணைப்புக்குத் திறந்துவிட்டால் அந்தப் பங்கு தீர்ந்து, வீட்டில் வேறு பக்கமே திறக்காது. நிறுவனம் கொடுத்த மலிவுப் பெட்டியின் நினைவகமும் அதே நேரத்தில் திணறும். மொத்த இணைப்பு 200, ஒரு டோரன்ட்டுக்கு 50, அப்லோடு உங்கள் உண்மையான அப்லோடு வேகத்தில் 80 சதவீதம் என்று வையுங்கள். அப்லோடு முட்டிக்கொண்டு நின்றால் "கிடைத்தது" என்ற சின்னச் செய்திகூட வெளியே போக முடியாமல் டவுன்லோடும் படுத்துவிடும்.

டோரன்ட் போக்குவரத்தை மட்டும் நிறுவனம் தேடிப் பிடித்துக் குறைத்தால் அது விதிமீறல். டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) 2017 நவம்பரில் பரிந்துரைத்து, மத்திய அரசு 2018 ஜூலையில் ஏற்ற இணையச் சமவாய்ப்பு விதி, எந்த உள்ளடக்கம், எந்த நெறிமுறை, எந்தக் கருவி என்று பார்த்து வேகத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. நெரிசல் நேரத்தில் நியாயமான மேலாண்மைக்கு மட்டும் இடம் உண்டு. 3300 ஜிபிக்குப் பின் எல்லாவற்றையும் சேர்த்துக் குறைப்பது இதில் வராது.

டோரன்ட்டே சட்டவிரோதமா?

நிரல் அல்ல, எதைப் பகிர்கிறீர்கள் என்பதுதான் விஷயம். லினக்ஸ், பதிப்புரிமை தீர்ந்த நூல்கள், உங்கள் சொந்தப் பதிவுகள் என்றால் ஒன்றும் இல்லை. புதுப்படம் என்றால் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். டோரன்ட்டில் இறக்கும்போதே நீங்கள் பிறருக்கு ஏற்றவும் செய்கிறீர்கள். "சிஜிநாட்டில் என்னைக் கண்டுபிடிக்க முடியாது" என்பது நப்பாசை. எந்த நேரத்தில் எந்த போர்ட் எந்த வீட்டுக்குப் போனது என்ற பதிவை நிறுவனம் வைத்திருக்க வேண்டும். 2021 டிசம்பர் முதல் இரண்டு ஆண்டுக்கு.

தளங்கள் மொத்தமாகத் திறக்காமல் போவது நீதிமன்ற உத்தரவால். 2012-இல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவைக் காட்டி முழுத்தளங்களை மூடியபோது சட்டப்படியான வீடியோ தளமும் சேர்ந்து மூடியது. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் மூடினால் போதும் என்று அந்த ஜூனில் நீதிமன்றமே விளக்க வேண்டி வந்தது.

ஸ்டுடியோவிலிருந்து 200 ஜிபி கல்யாண வீடியோவை கோவை எடிட்டருக்கு அனுப்ப வேண்டும். தடுப்பார்களா?

தடுக்க மாட்டார்கள், பொறுமைதான் சோதிக்கப்படும். 100 எம்பிபிஎஸ் அப்லோடில் நாலரை மணி நேரம். அப்லோடு 10 மட்டும் என்றால் 44 மணி நேரம். அதற்குள் ஹார்ட் டிஸ்க்கை பஸ்ஸில் கொடுத்தனுப்பி, எடிட் செய்து, திரும்பியும் வந்துவிடும். பிளானில் எழுதிய "100" டவுன்லோடுக்கு மட்டுமா என்று முதலில் பாருங்கள். அடிக்கடி அனுப்புபவர்கள் இரு பக்கமும் சிங்க்திங் என்ற ஃபைல் ஒத்திசைவு நிரலைப் போட்டுக்கொள்ளலாம். இடையில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆனால் இரு பக்கமும் சிஜிநாட் என்றால் ரிலே வழியாகப் போய் வேகம் பத்தில் ஒன்றாகலாம். ஒரு பக்கத்துக்காவது பப்ளிக் ஐபி இருப்பது நல்லது.

வீட்டிலேயே மெயில் சர்வர்?

வேண்டாம். 25 திறந்திருந்தாலும் வீட்டு ஐபியிலிருந்து வரும் மெயிலைப் பெரிய நிறுவனங்கள் நேராக ஸ்பாமில் தள்ளும். ரிவர்ஸ் டிஎன்எஸ் (ஐபி எண்ணுக்கு உரிய பெயரைச் சொல்லும் பதிவு) உங்கள் பெயரில் இருக்காது.

ஐபிவி6 இருந்தால் இந்தத் தலைவலி எதுவும் இல்லையாமே?

பாதி உண்மை. ஐபிவி6-இல் ஒவ்வொரு கருவிக்கும் சொந்தப் பப்ளிக் முகவரி; சிஜிநாட் கிடையாது. ஆனால் ரவுட்டரின் ஃபயர்வால் வெளி அழைப்பை மூடியே வைத்திருக்கும், அந்த ஒரு கருவிக்கு மட்டும் அனுமதி எழுத வேண்டும். நிறுவனம் கொடுத்த பெட்டியில் அந்தப் பகுதியே பூட்டியிருக்கலாம். நீங்கள் பார்க்கும் பக்கத்திலும் ஐபிவி6 வேண்டும்.

ஏற்காட்டில் ஹோம்ஸ்டே நடத்துகிறோம். வீட்டு பிளானின் வைஃபையை விருந்தாளிகளுக்குக் கொடுக்கலாமா?

பாஸ்வேர்டை எழுதி வரவேற்பு மேசையில் ஒட்டிவைப்பதில்தான் ஆபத்து. அந்த இணைப்பில் நடக்கும் எதற்கும் முதலில் கதவைத் தட்டுவது இணைப்பு யார் பெயரில் உள்ளதோ அவரிடம்தான். யார், எப்போது என்று பதிவாகும் லாகின் முறை உள்ள வணிக பிளான் வாங்குங்கள். வைஃபையைக் காசுக்கே விற்க விரும்பினால் 2020 டிசம்பரில் அறிவித்த பிஎம்-வாணி என்ற பொது வைஃபைத் திட்டத்தில் மட்டும் உரிமம் இல்லாமலே சேரலாம். அதுவரை குறைந்தபட்சம் கெஸ்ட் வைஃபையைத் தனியாகப் பிரியுங்கள். கேமராவும் பில்லிங் கம்ப்யூட்டரும் இருக்கும் வலையில் விருந்தாளியின் போன் இருக்கக் கூடாது. மதில் மேல் ஒயர் போட்டுப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்து மாதம் 200 வாங்குவது மறுவிற்பனைதான்.

பப்ளிக் ஐபிக்குக் காசு வாங்கிக்கொண்டு கொடுக்கவில்லை. யாரிடம் போவது?

கேபிள்காரரிடம் வாயால் சொன்னது புகார் ஆகாது. நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணில் சொல்லி டாக்கெட் (புகார்) எண் வாங்குங்கள். தீரவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். 39 நாளில் முடிவு சொல்ல வேண்டும். டிராய்க்குத் தனிநபர் புகாரை விசாரிக்கும் வேலை இல்லை, அங்கே எழுதி நாள் கடத்தாதீர்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும், சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கின்றன. தொலைத்தொடர்பு வழக்குகள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்பதை 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. கையில் வைத்திருக்க வேண்டியவை: பணம் கட்டிய ரசீது, எழுத்தில் வந்த வாக்குறுதி, ரவுட்டர் பக்கத்தில் 100.64 எண் தேதியோடு தெரியும்படி எடுத்த படம்.